சிம்ஸ், அனிமல் கிராஸிங், ஸ்டார்டியூ: உங்கள் வீட்டு டிவிக்கு எது?

"துப்பாக்கி வேண்டாம், கார் ரேஸ் வேண்டாம். ஒரு வீடு கட்டி, நாலு செடி நட்டு, அக்கம்பக்கத்தில் பேசிப் பழகுற மாதிரி ஒரு கேம் சொல்லுங்க." இப்படிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா கேட்கிறார், கல்யாணமான புதுசில் இருக்கும் ஜோடி கேட்கிறது, ஓஎம்ஆரில் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவர் கேட்கிறார். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அதில் இருவருக்காவது காசு வீண்.

கன்சோலில், அதாவது டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவியில், வாழ்க்கை விளையாட்டு என்றதும் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தி சிம்ஸ் 4, அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ், ஸ்டார்டியூ வேலி. டிஸ்னி ட்ரீம்லைட் வேலி போன்றவையும் உண்டு. ஆனால் யோசித்து யோசித்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள் என்பதால் இங்கே இவை மட்டும்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் பார்ப்பது படம் எப்படி இருக்கிறது என்பதை. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மூன்றுமே கண்ணுக்கு இதமானவைதான், ஒரு வாரத்தில் எந்தப் படமும் பழகிவிடும். நான் பார்க்கச் சொல்வது வேறு.

முதலாவது, கேமின் கடிகாரம். உங்கள் வீட்டில் டிவி எப்போது காலியாகிறது, அந்த நேரத்தில் கேமுக்குள் என்ன நடக்கும்? இந்த மூன்றுக்கும் இருக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். கடையில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது, எத்தனை பேர் ஆடப்போகிறீர்கள், ஒரே சமயத்திலா மாறி மாறியா? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் பாதி முடிவு இங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, மொத்தச் செலவு. கேமின் விலை அதில் ஒரு பகுதிதான். கன்சோல், ஆன்லைன் சந்தா, கேமோடு பிறகு காசு கொடுத்துச் சேர்க்கும் பேக்குகள், பிறகு விற்றால் திரும்பக் கிடைப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு.

நான்காவது, கரண்ட் போனால் என்ன ஆகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே சொல்லி நிறுத்துவது ஒரு வகை. டிசம்பர் மழையில் சொல்லாமல் போவது இன்னொரு வகை. இரண்டுக்கும் நாம் பழகியவர்கள், கேம்தான் பழகவில்லை.

ஐந்தாவது, எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும். மூன்றிலும் தமிழ் கிடையாது. ஆங்கிலம் சரளமாகப் படிக்காத பிள்ளைக்கோ பாட்டிக்கோ இது தடையாகுமா என்று பார்க்க வேண்டும்.

## தி சிம்ஸ் 4: குடும்பம் நடத்துவது

கணினியில் 2014-ல் வந்தது, பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2017 நவம்பரில் வந்து சேர்ந்தது. பிஎஸ்5-க்கென்று தனிப் பதிப்பு இல்லை, அந்தப் பிஎஸ்4 பதிப்புதான் அதிலும் ஓடும். என்ன, கொஞ்சம் வேகமாக லோட் ஆகும். நிண்டெண்டோ ஸ்விட்சில் இது கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஸ்விட்ச் வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆளை உருவாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, வேலைக்கு அனுப்பி, காதலிக்க வைத்து, பிள்ளை பெறவைத்து, வயதாகிச் சாகும்வரை நடத்துவது சிம்ஸ். ஒரு குடும்பத்தில் எட்டுப் பேர் வரை வைக்கலாம். இவர்கள் பேசுவது சிம்லிஷ் என்ற பிதற்றல் மொழி. அது ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியாது, தெரியாதவருக்கும் புரியாது. ஆனால் மெனு முழுக்க ஆங்கிலம், எழுத்தும் பொடி. 32 இஞ்ச் டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற ஹாலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும்.

கடிகாரம் முழுக்க உங்கள் கையில். சாதாரண வேகத்தில் நம்முடைய ஒரு நொடி அங்கே ஒரு நிமிடம், அதாவது அவர்களின் ஒரு நாள் நமக்கு 24 நிமிடம். வேண்டுமென்றால் நிறுத்தலாம், வேகமாக ஓட்டலாம். காலிங் பெல் அடித்தால் ஒரு பட்டனில் உலகம் நிற்கும். நேரம் ஒழுங்காகக் கிடைக்காதவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

காசு விஷயம்தான் இதில் சூட்சுமம். 2022 அக்டோபர் 18 முதல் அடிப்படை கேம் இலவசம். டவுன்லோட் செய்தால் போதும், பிளேஸ்டேஷனின் ஆன்லைன் சந்தாவான பிஎஸ் பிளஸ்கூட வேண்டாம். அந்த இலவசத்தில் வீடு கட்டுவதும் ஆள் உருவாக்குவதும் தாராளமாகவே கிடைக்கும். மழை, வெயில், பருவம் வேண்டுமா? அதற்கு ஒரு பேக். நாய், பூனை? இன்னொரு பேக். அபார்ட்மென்ட்? அதற்கும் ஒன்று. பெரிய எக்ஸ்பான்ஷன் பேக்கின் அமெரிக்க விலை 40 டாலர், அடுத்த நிலை 20, அதற்கடுத்தது 10, சின்ன கிட் 5. எல்லாவற்றையும் முழு விலையில் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். யாரும் எல்லாவற்றையும் வாங்குவதில்லைதான். ஆனால் தள்ளுபடி வரும்போதெல்லாம் "இது ஒன்னு மட்டும்" என்று ஆரம்பித்தால் வருஷக் கடைசியில் ஒரு நல்ல மொபைலின் விலை போயிருக்கும். டிஸ்க் இல்லாத பொருள் என்பதால் அதில் ஒரு ரூபாயும் திரும்ப வராது. ஒரு கன்சோலில் வாங்கிய பேக் இன்னொரு வகைக் கன்சோலுக்கோ கணினிக்கோ வராது.

இன்னொன்றும் உண்டு. எந்த நாட்டுக் கணக்கில் கேமை இறக்கினீர்களோ அதே நாட்டுக் கணக்கில்தான் பேக்குகளும் வாங்க வேண்டும். அமெரிக்கக் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு இந்தியக் கார்டில் வாங்க முடியாமல் திண்டாடுவது வழக்கமாக நடக்கிற கதை. முதல் நாளே இந்தியக் கணக்கில் தொடங்கிவிடுங்கள்.

கன்சோலில் வீடு கட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் இதற்காகத்தான் சிம்ஸுக்கு வருகிறார்கள். கன்ட்ரோலரின் குச்சியை ஆட்டி, ஒரு கர்சரை நகர்த்தி, சுவர் இழுத்து, ஜன்னல் பொருத்த வேண்டும். முதல் வாரம் கை ஒத்துழைக்காது. பூஜை அறை அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கப் போனால் அது ஒரு கட்டம் தள்ளிப் போய் நிற்கும். எடுத்துத் திருப்பி மறுபடி வைத்தால் இந்த முறை கதவை மறைத்துக்கொண்டு நிற்கும். இதற்கு ஒரு வழி உண்டு: எல்1, எல்2, ஆர்1, ஆர்2 நான்கையும் சேர்த்து அழுத்தினால் சீட் (கேமின் விதியைத் தாண்டவைக்கும் ரகசியக் கட்டளை) எழுதும் பெட்டி திறக்கும், அங்கே பொருட்களை இட விதி பார்க்காமல் வைக்கவிடும் கட்டளையைக் கொடுக்கலாம். அதே பெட்டியில் மதர்லோட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்தால் 50,000 காசு கொட்டும். சீட் போட்ட சேவில் டிராபி எனும் சாதனைப் பதக்கம் கிடைக்காது. வீடு கட்ட வந்தவருக்கு டிராபி எதற்கு? யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் இருந்தால் செருகிப் பாருங்கள், வேலை செய்யும், கட்டுமானம் பாதி எளிதாகும். ஆனால் மனைக்கு மனை பொருள் வரம்பு உண்டு. நாலுகட்டு வீடு, நடுவில் முற்றம், சுற்றிலும் தூண், திண்ணையில் குத்துவிளக்கு என்று ஆசை ஆசையாக நிரப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் "போதும்" என்று சொல்லிவிடும்.

கணினியில் சிம்ஸ் ஆடுகிறவர்கள் இணையத்தில் இருந்து சேலை, ஜிமிக்கி, வெண்கல விளக்கு என்று ரசிகர்கள் செய்ததை இறக்கிச் சேர்த்துக்கொள்வதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். கன்சோலில் அது முடியாது, மோட் எதுவும் ஏறாது. மும்பைத் தெரு உடைகளை வைத்து வந்த ஃபேஷன் ஸ்ட்ரீட் கிட் மாதிரி அவர்களே விற்பதை வாங்கினால்தான் உண்டு. அந்தக் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டவர் என்றால் உங்களுக்குத் தேவை லேப்டாப், கன்சோல் இல்லை.

ஆட ஒருவர்தான். இரண்டாவது கன்ட்ரோலருக்கு வேலையே இல்லை. ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்கு வைத்துத் தனித்தனிக் குடும்பம் நடத்தலாம், ஒருவர் உலகத்தில் இன்னொருவர் கை வைக்க முடியாது. வயது விஷயத்தில், அமெரிக்கத் தரச்சான்றில் இது பதின்வயதினருக்கானது. போர்வைக்குள் நடக்கும் காதல் விளையாட்டு உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிற கேம் இல்லை.

## அனிமல் கிராஸிங்: ஊரில் குடியேறுவது

2020 மார்ச் 20 அன்று வந்தது, உலகமே ஊரடங்கில் முடங்கிய வாரம். விற்பனை நாலரைக் கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. நிண்டெண்டோ கன்சோலில் மட்டும்தான் ஆடலாம். ஒரு காலித் தீவுக்குக் கூடாரத்தோடு போய் இறங்குகிறீர்கள். மீன் பிடித்து, பூச்சி பிடித்து, மரம் உலுக்கி, பேசும் விலங்குகளைக் குடியேற்றி, மெல்ல மெல்ல அதை ஊராக்குகிறீர்கள். டாம் நூக் என்ற ஆள் வீட்டுக் கடன் தருவார். முதல் வீட்டுக்கு 98,000 பெல் (தீவின் காசு), பிறகு ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் ஏறிக்கொண்டே போகும். வட்டி இல்லை, தவணைத் தேதி இல்லை, ஜப்திக்கு ஆள் வராது. இஎம்ஐ கட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று தோன்றும்.

இதன் கடிகாரம் உங்கள் கையில் இல்லை. கன்சோலில் மணி என்னவோ அதுதான் தீவிலும் மணி. நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அங்கே பொழுது விடியும், சாயும். கடை காலை 8 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும், துணிக்கடை 9 முதல் 9. வேளச்சேரி டிராஃபிக்கைத் தாண்டி 10.30-க்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு உட்கார்கிறவருக்கு இந்த ஊர் எப்போதும் ஷட்டர் இறங்கிய ஊர்தான். விற்க வேண்டியதைக் கடை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் 80 சதவீத விலைதான் கிடைக்கும். 2021 நவம்பரில் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, 20,000 பெல் கட்டி "இரவுப் பறவை" ஊராகச் சட்டம் போட்டால் கடைகள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும். அப்படியும் 11 மணியோடு சரி.

டர்னிப் என்ற கிழங்கின் வியாபாரத்தைப் பாருங்கள், அப்போது இந்தக் கடிகாரத்தின் ருசி புரியும். ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி முதல் 12 மணி வரை டெய்சி மே என்ற பன்றிக்குட்டி தலையில் டர்னிப் சுமந்து வருவாள். விலை 90 முதல் 110 பெல்லுக்குள். வாங்கி வைத்துக்கொண்டு, திங்கள் முதல் சனி வரை கடையில் காலை ஒரு விலை, மதியம் 12 மணிக்குமேல் ஒரு விலை என்று பார்த்து விற்க வேண்டும். விலை 50-க்கும் இறங்கும், திடீரென்று 500-க்கும் ஏறும். அடுத்த ஞாயிறு வந்தால் அழுகிவிடும். "உன் தீவில் இன்னிக்கு என்ன ரேட்?" என்று ஆபீஸ் வாட்ஸப் குழுவில் விசாரித்து, நல்ல விலை போகும் நண்பரின் தீவுக்கு விமானம் ஏறி விற்றுவிட்டு வருவதில் உள்ள சுகம் மற்ற இரண்டு கேமிலும் கிடையாது. ஆனால் ஞாயிறு காலை கறிக்கடை, மீன் மார்க்கெட் என்று அலைந்துவிட்டு மதியம் எழுந்து உட்காருகிறவருக்கு அந்தப் பன்றிக்குட்டி கண்ணிலேயே படமாட்டாள். கன்சோல் கடிகாரத்தை மாற்றி ஏமாற்றலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். அதில் பின்னோக்கிப் போனாலும் டர்னிப் அழுகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தொடங்கும்போது வடகோளமா தென்கோளமா என்று கேட்கும். வடகோளம் என்றால் மார்கழியில் தீவில் பனி கொட்டும், மே மாதம் இளவேனில். ஏப்ரலில் இங்கே ஏசி 24-ல் ஓடிக்கொண்டிருக்கும்போது டிவியில் செர்ரி பூக்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

பிள்ளைகள் உள்ள வீடுகள் கவனிக்க வேண்டியது: ஒரு கன்சோலுக்கு ஒரே தீவு. எத்தனை கணக்கு திறந்தாலும், கேம் பதிந்த சின்ன அட்டையான கார்ட்ரிட்ஜை இரண்டாவதாக ஒன்று வாங்கினாலும் அப்படித்தான். எட்டுப் பேர் வரை அந்த ஒரு தீவில் வீடு கட்டிக்கொள்ளலாம். ஆனால் முதலில் தொடங்கியவரே ஊர்த்தலைவர். பாலம் கட்டுவது, கட்டடத்தை இடம் மாற்றுவது எல்லாம் அவர் அதிகாரம். அக்கா முதலில் தொடங்கிவிட்டால் தம்பி எப்போதும் குடிமகன்தான். நான்கு பேர் வரை ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம் என்றாலும், ஒருவர் தலைமை, மற்றவர் பின்தொடர வேண்டும், பின்னால் வருபவர் பொறுக்கியது நேராக அவர் பைக்குப் போகாது. இதனால் வரும் சண்டையை எந்த விமர்சனத்திலும் எழுதமாட்டார்கள். தம்பிக்கும் தனித் தீவு வேண்டுமென்றால் இன்னொரு கன்சோல் வாங்க வேண்டும்.

மறைந்திருக்கும் பெரிய செலவு கன்சோலே. நிண்டெண்டோ இந்தியாவில் ஸ்விட்சை நேரடியாக விற்பதில்லை. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் ஆன்லைனிலும் கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு. விலை கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும், வாரண்டி கடைக்காரர் வாய்வார்த்தை. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தபோது அதன் அமெரிக்க விலை சுமார் 450 டாலர், இங்கே அதற்குமேல் ஒரு தொகை ஏறியிருக்கும். பழைய கார்ட்ரிட்ஜ் ஸ்விட்ச் 2-விலும் ஓடும். நண்பர்கள் தீவுக்கு இணையம் வழியாகப் போக நிண்டெண்டோ சந்தா வேண்டும், ஆண்டுக்கு 20 டாலர், குடும்பத்துக்கு 35.

திரும்பக் கிடைப்பதும் இதில்தான் அதிகம். நிண்டெண்டோ தன் கேம்களின் விலையைச் சட்டென்று இறக்காது, அதனால் பழைய கார்ட்ரிட்ஜுக்கும் மவுசு குறையாது. உங்கள் தீவு கன்சோலில் சேமிக்கப்படுவதால் கார்ட்ரிட்ஜைக் கவலையில்லாமல் விற்கலாம்.

கரண்ட் போனால்? டிவி அணையும், சொந்தத் திரையும் பேட்டரியும் உள்ள ஸ்விட்ச் அணையாது. டிவியோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துத் தொடரலாம், கேம் தானாகவே சேமித்துக்கொண்டும் இருக்கும். இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் ஸ்விட்ச்தான்.

## ஸ்டார்டியூ வேலி: நிலத்தில் உழைப்பது

எரிக் பரோன் என்ற ஒரே ஆள் எழுதி, வரைந்து, இசையமைத்தது. 2016 பிப்ரவரியில் கணினிக்கும், அந்த ஆண்டு டிசம்பரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும், 2017 அக்டோபரில் ஸ்விட்சுக்கும் வந்தது. தாத்தா விட்டுப்போன புதர் மண்டிய நிலத்துக்கு, பட்டணத்து ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் போகிறீர்கள். எந்தக் கன்சோல் வைத்திருந்தாலும் ஆடலாம். அமெரிக்க விலை 15 டாலர்தான். 2024 நவம்பரில் கன்சோலுக்கு வந்த 1.6 வரை எல்லா அப்டேட்டும் இலவசம், தனியாக விற்கும் பேக் என்று ஒன்றுமே இல்லை. செலவுக் கணக்கு இத்தோடு முடிந்தது.

கடிகாரம் இங்கே உங்களை விரட்டும். காலை 6 மணிக்கு எழுந்து, நள்ளிரவு 2 மணிக்குள் படுக்கைக்குப் போகவில்லை என்றால் போன இடத்தில் மயங்கி விழுவீர்கள். அங்கே பத்து நிமிடம் நமக்கு 7 நொடி. ஆக, ஒரு முழு நாள் நமக்குச் சுமார் 14 நிமிடம். தண்ணீர் ஊற்றி, மாட்டைத் தடவி, விதை வாங்க ஓடினால் அன்று புதன்கிழமை, பியேர் என்பவரின் கடை லீவு. "நிம்மதியாக இருக்கும் என்று வாங்கினேன், ஆபீஸைவிட டென்ஷன்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் இந்த 14 நிமிடக் கணக்கு, அரை மணி நேரம் மட்டும் கிடைப்பவர்களுக்கு வரம். இரண்டு நாள் ஆடி எழுந்துவிடலாம். "இன்னும் ஒரு நாள்" என்று இழுப்பது தனி ஆபத்து.

சேமிப்பது படுக்கும்போது மட்டும்தான். இதைக் கேட்டதும் மின்வெட்டுக்குப் பயந்து ஸ்டார்டியூவை ஒதுக்குகிறார்கள். யோசித்துப் பார்த்தால் நேர்மாறு. இதில் கரண்ட் போனால் அன்றைய ஒரு நாள், கால் மணி நேர உழைப்பு போகும். சிம்ஸில் வீடு கட்டும் ஜோரில் சேவ் செய்ய மறந்தவருக்கு ஒரு சாயங்காலமே போய்விடும்.

நெல் விளைச்சலைச் சொல்லாமல் விட முடியவில்லை. வசந்தத்தில் 40 காசுக்கு நாற்று விற்பார்கள். சாதாரண நிலத்தில் நட்டால் 8 நாள் ஆகும், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். குளத்துக்கு மூன்று கட்டத்துக்குள் நட்டால் தண்ணீரே ஊற்ற வேண்டாம், 6 நாளில் அறுக்கலாம். அறுத்ததை ஆலையில் போட்டால் அரிசி. தண்ணீரை ஒட்டி நட வேண்டும் என்று நம்மூர் ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேம்பும் உண்டு, அதையும் தண்ணீர் ஓரமாக வைப்பதுதான் வசதி. இலாபம் என்று பார்த்தால் ஸ்ட்ராபெர்ரி முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வரிசை நெல் போடாமல் எனக்கு மனசு கேட்பதில்லை.

இருவர் சேர்ந்து ஆட மூன்றில் இதுதான் சிறந்தது. ஒரே டிவியில் திரையைப் பிரித்து, ஒருவர் வயல், இன்னொருவர் சுரங்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். பணத்தைப் பொதுவாகவும் வைக்கலாம், தனித்தனியாகவும் வைக்கலாம். ஒருவர் எங்கே போனாலும் மற்றவர் பின்னால் ஓட வேண்டும் என்ற தொல்லை இல்லை. இரண்டு நிபந்தனைகள் உண்டு. இருவரும் படுத்தால்தான் நாள் முடியும், ஒருவர் மெனுவைத் திறந்துவைத்தாலும் காலம் நிற்காது. தனியாக ஆடும்போது மெனு திறந்தால் நிற்கும் என்பதால் பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சல். திரையைப் பிரித்ததும் எழுத்து இன்னும் சிறுத்துவிடும், செட்டிங்கில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் பிஎஸ்5, நண்பரிடம் ஸ்விட்ச் என்றால் ஆன்லைனில் சேர்ந்து ஆட முடியாது. பிஎஸ்5-ல் இருக்கும் இருவர் இணையத்தில் சேரவும் பிஎஸ் பிளஸ் வேண்டும். ஒரே சோபாவில் உட்கார்ந்தால் எதுவும் வேண்டாம், இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றைத் தவிர.

நிறையப் படிக்க வேண்டியிருக்கும். ஊரில் முப்பது பேருக்குமேல், ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள், பிடித்தது, பிடிக்காதது. கதையில் குடிப்பழக்கத்தால் சிதைகிறவர் இருக்கிறார், போரிலிருந்து திரும்பிய அப்பா இருக்கிறார். பத்து வயதுக்குமேல் சரி, அதற்குக் கீழே பாதி புரியாது. மீன்பிடிப்பது கை வேகத்துக்கு வைத்த சோதனை, முதல் நாளே வெறுத்துப்போகாதீர்கள், பயிற்சி ஏற ஏறத் தூண்டிலும் எளிதாகும்.

## ஒரே பார்வையில்

| | தி சிம்ஸ் 4 | அனிமல் கிராஸிங் | ஸ்டார்டியூ வேலி |
|---|---|---|---|
| எதில் ஆடலாம் | பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் | நிண்டெண்டோ மட்டும் | மூன்றிலும் |
| கேம் விலை (அமெரிக்காவில்) | இலவசம் | 60 டாலர் | 15 டாலர் |
| பின்னால் வரும் செலவு | பேக்குகள், வரம்பே இல்லை | சந்தா, தேவைப்பட்டால் கூடுதல் பேக் | இல்லை |
| கடிகாரம் | நிறுத்தலாம், ஓட்டலாம் | நிஜ நேரம் | நாளுக்கு 14 நிமிடம் |
| ஒரே டிவியில் சேர்ந்து | முடியாது | முடியும், ஒருவரே தலைமை | முடியும், சமமாக |
| தனித்தனி உலகம் | உண்டு | கன்சோலுக்கு ஒரே தீவு | உண்டு |
| கரண்ட் போனால் | கடைசி சேவ் வரைதான் மிஞ்சும் | கையில் எடுத்துத் தொடரலாம் | அன்றைய நாள் போகும் |
| விற்றால் | ஒன்றும் வராது | நல்ல விலை | டிஜிட்டல் என்றால் வராது |

ஸ்டார்டியூவை ஸ்விட்சில் ஆடினால் கரண்ட் போனாலும் அந்த நாளும் போகாது, கையில் எடுத்துத் தொடரலாம். அட்டவணையில் அது அடங்கவில்லை.

## யாருக்கு எது

வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்5 அல்லது எக்ஸ்பாக்ஸ் இருக்கிறதா? யோசிக்கவே வேண்டாம். சிம்ஸை இன்றே இலவசமாக இறக்கி ஒரு மாதம் பேக் எதுவும் வாங்காமல் ஆடுங்கள். அது பிடித்தால் தள்ளுபடியில் ஒரே ஒரு பேக். என்னைக் கேட்டால் பருவங்கள் தரும் சீசன்ஸ்தான் முதலில். பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் டவுன்லோட் டேட்டா மட்டும். அடுத்து ஸ்டார்டியூ. அனிமல் கிராஸிங்குக்காக மட்டும் இன்னொரு கன்சோல் வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நைட் ஷிஃப்ட் அல்லது நேரம் கெட்ட நேரத்தில் வீடு திரும்பும் வேலை என்றால் அனிமல் கிராஸிங் வேண்டவே வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் மூடிய கடைகளையும் தூங்கும் ஊரையும் பார்த்துவிட்டுப் படுப்பீர்கள். சிம்ஸ் போதும்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் ஸ்டார்டியூ. இதில் போட்டியே இல்லை.

ஆறிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளை, கன்சோல் இன்னும் வாங்கவில்லை என்றால் ஸ்விட்சும் அனிமல் கிராஸிங்கும்தான். வன்முறை இல்லை, தோற்பது இல்லை, ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்குமேல் செய்ய அதிகம் இருக்காது என்பதால் தானாகவே எழுந்துவிடுவார்கள். படிக்க வேண்டிய ஆங்கிலம் நிறைய, ஆனால் சின்னச் சின்ன வாக்கியம், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து வாசித்துக்காட்டினால் ஓடிவிடும். இரண்டு பிள்ளைகள் என்றால் தலைவர் யார் என்பதை டப்பா பிரிக்கும் முன்னே பேசி முடித்துவிடுங்கள். அல்லது அம்மாவே தலைவராகிவிடலாம், பல வீடுகளில் அதுதான் நடக்கிறது.

வீட்டு வரைபடம், இன்டீரியர், உடை அலங்காரம் என்று மனம் போகிறவருக்கு சிம்ஸ். பணம் பெருக்குவது, கணக்குப் போடுவது, சென்ற வருஷத்தைவிட இந்த வருஷம் கூடுதல் மகசூல் என்று பார்ப்பதில் ருசி உள்ளவருக்கு ஸ்டார்டியூ. ஓய்வுபெற்று, காலை 8 மணிக்குக் காபி குடித்துவிட்டு ஒழுங்காக ஒரு மணி நேரம் உட்காரக்கூடியவருக்கு அனிமல் கிராஸிங். பெரியவர்களுக்கு இது ஆகாது என்று நினைக்காதீர்கள். இந்தக் கேமின் கடிகாரம் அவர்களுக்கென்றே வைத்தது போலிருக்கும்.

## வாங்கும் முன்

பிஎஸ்5 புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் டிஸ்க் உள்ளதா இல்லாததா என்ற கேள்வி வரும். 2024 ஏப்ரலில் ஸ்லிம் இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது ₹54,990, இல்லாதது ₹44,990. சிம்ஸும் ஸ்டார்டியூவும்தான் உங்கள் உலகம் என்றால் டிஸ்க் தேவையே இல்லை, இரண்டையும் ஸ்டோரிலேயே இறக்கிக்கொள்வீர்கள். வேறு பெரிய கேம்களைப் பழையதாக வாங்கி ஆடி விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தக் கூடுதல் தொகையைக் கொடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிவி பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃப்ளாட்டுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் இன்வெர்ட்டரில் வரும். மின் கட்டணம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: பெரிய கன்சோல் 150 வாட் எடுக்கிறது என்று வைத்தாலும், தினம் இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 18 யூனிட்தான், டிவி தனி. ஸ்விட்சுக்கு அதில் சொற்பம். நீங்கள் வழக்கமாக 490-ல் நிற்கிறவர் என்றால் மட்டும் யோசியுங்கள், 500-ஐத் தாண்டினால் முந்தைய யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். அந்த வீட்டில் குற்றவாளி கன்சோலாக இருக்காது, கேம் ஆடும்போது ஓடும் ஏசியாகத்தான் இருக்கும்.

ரிச்சி தெருவில் பழைய ஸ்விட்ச் பார்க்கப் போகிறவர்கள் நாலு விஷயத்தை அங்கேயே சோதியுங்கள். அது லைட் மாடலா என்று பாருங்கள், லைட்டை டிவியில் இணைக்கவே முடியாது, விலை குறைவு என்று வாங்கி ஏமாறுவது அதில்தான். இரண்டு குச்சிகளையும் தொடாமல் விட்டு செட்டிங்கில் புள்ளி தானாக நகர்கிறதா என்று பாருங்கள். உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து நிண்டெண்டோ ஸ்டோர் திறக்கிறதா பாருங்கள், திருட்டு கேம் ஏற்றித் தடை வாங்கிய கன்சோல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். டாக்கில் வைத்து, கடையில் உள்ள டிவியில் படம் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், அடாப்டர் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் அமெரிக்க பிளக் இருந்தாலும் ஒரு கன்வெர்ட்டர் போதும். பழைய சொந்தக்காரரின் தீவு உள்ளே இருந்தால் முழுதாக அழித்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஊர்த்தலைவர் பதவி முன்பின் தெரியாத ஒருவரிடமே இருக்கும், உங்களால் ஒரு பாலம்கூடக் கட்ட முடியாது.